உங்களுக்குத் தெரியுமா? – சூரியனுக்கு முகம் கொடுக்கும் லேசர்

செப்டம்பர் கடைசி வாரம். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றில் ரிவி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று படம் கட்டம் கட்டமாக உடைந்து, திரை வெறுமையாகிவிடுகிறது. மழை இல்லை, காற்று இல்லை, வானம் பளிச்சென்று இருக்கிறது. வயரைக் கழற்றிப் பூட்டுவார்கள், பல்கணியில் ஏறி டிஷ்ஷை அசைத்துப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் படம் தானாகவே திரும்பிவிடும். மறுநாளும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே தொல்லை. டிஷ்ஷில் பிழை ஒன்றும் இல்லை. அது பார்த்திருக்கும் செய்மதிக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நின்றதுதான் காரணம். சூரியன் ஒளியோடு வானொலி அலைகளையும் வாரி இறைக்கிறது. 36,000 கிலோமீற்றர் கடந்து வரும் மெல்லிய சமிக்ஞை அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது.

◆ இது ஆண்டுக்கு இரண்டு தடவை, நாள் தவறாமல் வரும். ரிவி செய்மதிகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே வரிசையாக நிற்கின்றன. கொழும்பு அதற்கு 7 பாகை வடக்கே இருப்பதால் அந்த வரிசை நமக்குச் சற்றுத் தெற்கே சாய்ந்து தெரியும். சூரியன் அந்தக் கோட்டைத் தொடுவது மார்ச் 17ஐயும் செப்டம்பர் 26ஐயும் ஒட்டிய சில நாட்களில். லண்டனில் இருக்கும் உறவினருக்கு இதே தொல்லை மார்ச் தொடக்கத்திலும் ஒக்டோபர் நடுப்பகுதியிலும் வரும். கிழக்கே பார்க்கும் டிஷ் என்றால் முற்பகலில், மேற்கே பார்ப்பது என்றால் பிற்பகலில். இதைத் தெரிந்துகொண்டால் அந்த வாரத்தில் திருத்துநரைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

◆ டிஷ்ஷின் மேற்பரப்பு ஏன் பளபளப்பாக இல்லாமல் சொரசொரவென்று மங்கலாக இருக்கிறது? பளபளப்பாக இருந்தால், சூரியன் நேர்க்கோட்டுக்கு வரும் நாளில் வெயில் முழுவதையும் திரட்டி முன்னால் நிற்கும் வாங்கியின் மேல் குவித்து, அதைப் பொசுக்கிவிடும். மங்கல் மை வெயிலை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. ரிவி அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர். அதற்கு இந்தச் சிறு சொரசொரப்பு கண்ணிலேயே படாது. வேண்டாத வெயிலைத் தள்ளிவிட்டு, வேண்டிய அலையை மட்டும் உள்ளே எடுக்கும் வேலை உங்கள் பல்கணியிலேயே நடக்கிறது. டிஷ் பழசாகிவிட்டது என்று அதற்குப் பளபளப்பான பெயின்ற் அடித்துவிடாதீர்கள்.

◆ செய்மதியை நிலநடுக்கோட்டுக்கு மேலே நிறுத்தி உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1975இல் இந்தியா கிராமங்களுக்குச் செய்மதி வழி கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இஸ்ரோ பொறியியலாளர்கள் அவருடைய கொழும்பு வீட்டில் பெரிய டிஷ் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் ரிவி ஒளிபரப்பே அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1979இல்தான் தொடங்கியது.

◆ இப்போது செய்மதிகள் ஒன்றோடொன்று லேசரில் பேசுகின்றன. 2001 நவம்பரில் ஐரோப்பாவின் ஆர்ட்டெமிஸ், ஸ்பொட்-4 என்ற இரண்டு செய்மதிகள் முதன்முதலாக இப்படித் தரவைக் கடத்தின. வேகம் செக்கனுக்கு 50 மெகாபிட். 2024 தொடக்கத்தில் ஸ்டார்லிங்க் செய்மதிகளில் மட்டும் 9,000க்கும் மேற்பட்ட லேசர்கள் வேலை செய்துகொண்டிருந்தன. ஸ்டார்லிங்க் இணையச் சேவை 2025 ஜூலையில் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனிக்க: வீட்டுக் கூரையில் வைக்கும் ஸ்டார்லிங்க் தட்டு லேசரில் பேசுவதில்லை, வானொலி அலையில்தான் பேசுகிறது. லேசர் மேலே, செய்மதிக்கும் செய்மதிக்கும் இடையில் மட்டும்.

◆ லேசரால் என்ன லாபம்? கற்றை அவ்வளவாக விரியாது. 60 சென்ரிமீற்றர் டிஷ் அனுப்பும் வானொலிக் கற்றை 5,000 கிலோமீற்றர் போனால் 250 கிலோமீற்றர் அகலத்துக்குப் பரவிவிடும். லேசர்க் கற்றை அதே தூரத்தில் நூறு மீற்றருக்குள் அடங்கி நிற்கும். அனுப்பிய சக்தியில் கூடுதலான பங்கு உரிய இடத்தில் போய் விழுகிறது.

◆ இனித்தான் சூரியனின் தொல்லை. கணக்கைப் பாருங்கள்.

பூமிக்கு மேலே, காற்று இல்லாத இடத்தில், ஒரு சதுர மீற்றரில் விழும் வெயிலின் வலு 1,361 வாட். செய்மதியில் 10 சென்ரிமீற்றர் அகலமுள்ள தொலைநோக்கி இருந்தால், சூரியனை நேரே பார்க்கும் கணத்தில் அதற்குள் 10 வாட்டுக்கு மேல் நுழையும். தூரத்துச் செய்மதியிலிருந்து வரும் லேசர் ஒரு நனோவாட் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் அதைவிட ஆயிரம் கோடி மடங்கு! இந்த வித்தியாசத்தை ஒரே தடுப்பால் சமாளிக்கும் வழி இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அடுக்கடுக்காகத் தடுக்கிறார்கள்.

◆ சூரியன் நேரே முன்னால் வந்து நிற்பது அபூர்வம். நாள்தோறும் படுத்துவது பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும் சூரியன்தான். 20 பாகை தள்ளி நின்றாலும் அதன் ஒளி தொலைநோக்கிக் குழாயின் உட்சுவரில் விழும். சுவரில் பட்டது கண்ணாடிக்குப் போகும், கண்ணாடியிலிருந்து உணரிக்குப் போகும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் எந்த ஒழுங்கையிலும் பின்னேரம் ஐந்தரைக்கு நின்று பாருங்கள். எதிரே வருபவரை அடையாளம் காண எல்லோரும் நெற்றியில் கையை வைத்துக்கொள்கிறார்கள். செய்மதியின் தொலைநோக்கிக்கு முன்னால் நீட்டியிருக்கும் குழாயும் அந்தக் கைதான்.

◆ அந்தக் குழாயின் உள்ளே மெல்லிய வளையங்கள் அடுத்தடுத்து நிற்கும். பக்கவாட்டில் நுழையும் ஒளி எந்தச் சுவரில் பட்டாலும் அங்கிருந்து உணரிக்கு நேர்ப்பாதை கிடைக்காதபடி அவற்றின் உயரத்தையும் இடைவெளியையும் கணக்கிட்டு வைக்கிறார்கள். ஒரு தடவை பட்டுத் தெறித்த ஒளி இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் பட்டே ஆகவேண்டும். சாதாரணக் கறுப்பு மை தன்மேல் விழும் ஒளியில் 20இல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் என்று கொண்டால், இரண்டு தெறிப்பில் 400இல் ஒன்று, மூன்று தெறிப்பில் 8,000இல் ஒன்றுதான் மிஞ்சும். வளையங்களின் ஓரத்தைக் கத்தி முனைபோல் சீவி வைப்பதும் இதற்காகவே. தடித்த ஓரம் தானே வெயிலில் மின்னத் தொடங்கிவிடும்.

◆ 2014இல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்று அறிமுகப்படுத்திய வான்ராபிளாக் என்ற கறுப்புப் பூச்சு, விழும் ஒளியில் 99.965 வீதத்தை விழுங்கியது. கசங்கிய உலோகத் தாளில் அதைப் பூசினால் கசங்கல் தெரியாது. தட்டையான ஓட்டை ஒன்று இருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும்.

◆ சந்திரனில் ஒரு ரிவி கமெரா வெயிலுக்குப் பலியான கதை தெரியுமா? 1969 நவம்பரில் அப்பலோ 12 தரையிறங்கியது. கமெராவை வேறிடத்துக்கு மாற்றும்போது விண்வெளி வீரர் அலன் பீன் தவறுதலாக அதைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டார். உள்ளிருந்த படக்குழாய் கருகிப்போனது. சந்திரனிலிருந்து வந்துகொண்டிருந்த வண்ண ஒளிபரப்பு அத்தோடு முடிந்தது. சில கணங்கள் போதுமாக இருந்தன.

◆ அடுத்த தடுப்பு நிறம். சூரியன் எல்லா நிறத்தையும் அனுப்புகிறது, லேசருக்கு ஒரே நிறம். பல செய்மதி லேசர்கள் 1,550 நனோமீற்றர் அலைநீளத்தில் இயங்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது. கடலடிக் கேபிள்களின் ஒளியிழைக்குள் ஓடுவதும் இதே பட்டைதான். ஆகவே அதற்கான லேசர்களும் பெருக்கிகளும் ஏற்கனவே சந்தையில் இருக்கின்றன. இன்னொரு வசதியும் உண்டு: சூரியன் பச்சை நிறத்தில் கொட்டும் சக்தியோடு பார்த்தால் 1,550இல் ஏழில் ஒரு பங்குதான் கொட்டுகிறது. ஒரு நனோமீற்றர் அகலத்தை மட்டும் விடும் வடி ஒன்றை வைத்தால், முன்னே சொன்ன 10 வாட் சுமார் 2 மில்லிவாட்டாக இறங்கிவிடும். அதுவும் லேசரைவிட இருபது லட்சம் மடங்கு!

◆ பகலில் தரையிலிருந்து வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிக்கு இன்னொரு எதிரி, நீலவானம். காற்றின் மூலக்கூறுகள் வெயிலைச் சிதறடிப்பதால்தான் வானம் நீலம். அலைநீளம் கூடக் கூட அந்தச் சிதறல் வேகமாகக் குறையும். நீல ஒளியோடு ஒப்பிட்டால் 1,550 நனோமீற்றரில் அது ஏறத்தாழ 140இல் ஒரு பங்கு. கொழும்பின் கடலோர உப்புப் புகாரும் வாகனப் புகையும் மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்படாதவை. பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் சிதறடிக்கும்.

◆ திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது கடலின் நீலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா, கடலுக்கே உரிய நிறமா? ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைத் திருப்பித் திருப்பி, நீர்ப்பரப்பில் தெறித்த வான ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. வேண்டாத ஒளியை அகற்றிவிட்டு வேண்டியதைப் பார்க்கும் கலைக்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளவத்தைக் கடற்கரையில் நீங்களும் செய்து பார்க்கலாம். பின்னேரம் மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில், போலரோயிட் கண்ணாடியைக் கையில் பிடித்து, அதனூடாகக் கடலின் மினுக்கத்தைப் பாருங்கள். கண்ணாடியை மெல்லச் சுழற்றினால் மினுக்கம் மறைந்து, திரும்பவும் தோன்றும். சூரியன் நீர்ப்பரப்புக்கு 37 பாகை உயரத்தில் நிற்கும்போது இது மிகத் துல்லியமாகத் தெரியும். சூரியனை மட்டும் நேரே பார்க்க வேண்டாம். லேசர்த் தொடர்பிலும் இதே உத்தி உண்டு. லேசர் ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிர, நேரே வரும் வெயில் எல்லாத் தளத்திலும் அதிர்கிறது. ஆகவே ஒரு முனைவாக்கி அதில் பாதியை வெளியே நிறுத்திவிடும்.

◆ வெயில் படும் வானத்தின் ஒவ்வொரு மூலையும் எவ்வளவு பிரகாசம், எந்தத் தளத்தில் எவ்வளவு அதிர்வு என்று முழுமையாகக் கணக்கிட வழிசெய்தவர், ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்தக் கணிதம் 1950இல் நூலாக வந்தது.

◆ இன்னொரு தடுப்பு நேரம். 2013 ஒக்டோபரில் நாசாவின் லாடீ விண்கலம் சந்திரனைச் சுற்றியபடி செக்கனுக்கு 622 மெகாபிட் வேகத்தில் லேசரில் தரவு அனுப்பியது. அதன் உத்தி எளிது: ஒரு செக்கனைச் சுமார் 500 கோடித் துண்டுகளாக்கு. பதினாறு துண்டுகளில் எந்தத் துண்டில் ஒளித்துடிப்பு வருகிறதோ, அதுவே செய்தி. சூரிய ஒளி எல்லாத் துண்டிலும் சமமாகப் பரவிவிடுவதால் ஒவ்வொன்றிலும் அதன் பங்கு அற்பம். லேசரோ தன் முழு வலுவையும் ஒரே துண்டில் இறக்குகிறது. பட்டப்பகலிலும் பிழையின்றி வேலை செய்தது. வானத்தில் சந்திரன் சூரியனுக்கு 3 பாகை பக்கத்தில் நின்றபோதும் தொடர்பு அறவில்லை. நீட்டிய கையின் இரண்டு விரல் அகலம்தான் 3 பாகை. என் கணக்கில் இந்தத் துறையின் மிகப் பெரிய சாதனை, வேகப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் மேலே, இந்த 3 பாகைதான்.

◆ ஐரோப்பியர் வேறு வழி பிடித்தார்கள். வாங்கும் பக்கத்திலும் ஒரு சிறு லேசரை வைத்து, வரும் ஒளியை அதனோடு கலக்கிறார்கள். இரண்டும் அதிர்வுக்கு அதிர்வு ஒத்துப்போனால் மட்டுமே சமிக்ஞை எழும். சூரிய ஒளிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. 2008இல் ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ் செய்மதியும் அமெரிக்காவின் என்ஃபயர் செய்மதியும் இந்த முறையில் செக்கனுக்கு 5.6 கிகாபிட் வேகத்தை எட்டின. சூரியன் எதிரில் வந்தாலும் தாக்குப்பிடிப்பது இதன் பெரிய பலம்.

◆ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிக்கு ஒரு நாளில் சுமார் 15 சூரிய உதயம், 15 அஸ்தமனம். முன்னே போகும் தோழனைப் பார்த்தபடி இருக்கும் லேசருக்குச் சூரியன் இடைஞ்சல் செய்வது பெரும்பாலும் இந்த வேளைகளில்தான்.

◆ 2021 மார்ச்சில் இஸ்ரோ, அகமதாபாத் வளாகத்தில் 300 மீற்றர் இடைவெளியுள்ள இரண்டு கட்டடங்களுக்கு இடையே இரகசியச் செய்தியைப் பூட்டும் குவாண்டம் சாவி அனுப்பிக் காட்டியது. தனி ஒளித்துகள் ஒவ்வொன்றாக அனுப்பும் முறை அது. உளவு பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் வெயில் நேரே குறுக்கிடக் கூடாது என்பதற்காக அந்தச் சோதனையை இரவில்தான் நடத்தினார்கள். சீனாவின் மீசியஸ் குவாண்டம் செய்மதியும் தொடக்கத்தில் இரவுப் பறவையாகவே இருந்தது. 2017இல் சீன ஆய்வாளர்கள் 1,550 நனோமீற்றருக்கு மாறி, சிங்காய் ஏரிக்கு மேலாக 53 கிலோமீற்றர் தூரத்துக்குப் பகலிலேயே சாவி அனுப்பினார்கள்.

◆ தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், 1880இல் வெயிலையே கம்பியாக்கினார். மெல்லிய கண்ணாடியில் பட்டுத் தெறித்த சூரிய ஒளி அவர் குரலுக்கேற்ப நடுங்கியது. மறுமுனையில் செலீனியம் அதை ஒலியாக மாற்றியது. அதற்கும் முன்னே 1869இல், கராச்சியில் தந்தித் துறையில் வேலை பார்த்த ஹென்றி மான்ஸ், கண்ணாடியால் வெயிலை மின்னவைத்துத் தந்திக் குறி அனுப்பும் கருவியைச் செய்தார்.

◆ சூரியனையே பார்க்கப் புறப்பட்ட கருவிக்கும் வேண்டாத வெயில்தான் தலைவலி. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர், செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. அதிலுள்ள முதன்மைக் கருவி பார்க்க வேண்டியது சூரியனின் ஒளிவளையத்தை. அதன் பிரகாசம் சூரியத் தட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணாடியில் ஒரு தூசி, ஒரு நுண்ணிய கீறல் போதும், சிதறும் வெயில் வளையத்தை விழுங்கிவிடும். ஆகவே முதன்மைக் கண்ணாடியை அளவுக்கு மிஞ்சி மெருகேற்றினார்கள். லேசர்த் தொடர்புக் கண்ணாடிகளுக்கும் இதே தூசிதான் எதிரி.

◆ 2024 டிசம்பர் 5 அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் ரொக்கெற்றில் ஏறிய ஐரோப்பாவின் புரோபா-3, சூரியத் தட்டை மறைக்கும் வேலையை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோனது. ஒரு செய்மதியில் 1.4 மீற்றர் அகலத் தட்டு. ஏறத்தாழ 150 மீற்றர் பின்னால் அதன் நிழலுக்குள் பறந்தபடி படம் எடுக்கும் இன்னொரு செய்மதி. செயற்கைக் கிரகணம்!

◆ இதுவரை லேசரில் தரவு வந்த மிகப் பெரிய தூரம் எவ்வளவு? 2023 ஒக்டோபரில் கிளம்பிய நாசாவின் சைக்கி விண்கலம் அந்த டிசம்பரில் 3 கோடியே 10 லட்சம் கிலோமீற்றரிலிருந்து ஒரு பூனை வீடியோவை அனுப்பியது. ஓராண்டு கழித்து 49 கோடி கிலோமீற்றரைத் தாண்டியும் தொடர்பு கிடைத்தது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் அது. வரும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணியவை, அமெரிக்காவின் பலோமர் மலையிலுள்ள 5.1 மீற்றர் தொலைநோக்கியில் பொருத்திய குளிரூட்டிய உணரிகள்.

◆ வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கும் செய்தி: ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில். கொழும்பின் முறை 7ஆம் திகதி அளவில், நண்பகல் 12 மணி கடந்து சில நிமிடங்களில். கம்பத்துக்கு நிழலே இராது. லேசர் நிலையம் ஒன்று இங்கே இருந்தால், உச்சியில் கடக்கும் செய்மதியை அந்த நேரத்தில் தொடரக் கூடாது, தொலைநோக்கியை மூடிவைக்க வேண்டும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் இன்னொரு தடவை.

◆ உண்மையில் கொழும்பில் லேசர் நிலையத்துக்குச் சூரியனைவிடப் பெரிய தடை முகில்தான். வெயிலை வடிகட்டலாம். முகிலைத் துளைக்கும் லேசர் இல்லை. நாசா 2021 டிசம்பரில் அனுப்பிய லேசர்த் தொடர்புக் கருவிக்குக் கலிபோர்னியாவில் ஒரு நிலையம், ஹவாயில் ஒரு நிலையம் என்று வைத்திருப்பது, ஓரிடத்தில் முகில் மூடினால் மற்ற இடம் கைகொடுக்கும் என்றுதான். இந்தச் சிறு தீவுக்கு இரண்டு பருவக்காற்று உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொழும்பை நனைக்கும்போது மன்னார் காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு முகில் மூடியிருக்க, வெள்ளவத்தை வானம் பெரும்பாலும் தெளிவு. இரண்டு நிலையம் போட்டால் ஆண்டின் பெரும்பகுதியை ஈடுகட்டலாம் என்பது என் எண்ணம். ஒக்டோபர், நவம்பர் மட்டும் தீவு முழுவதும் மழை. திணைக்களத்தின் முகில் பதிவுகளை வைத்து இந்தக் கணக்கை மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இறுதியாண்டு ஆய்வாகச் செய்யலாம். ஆதர் கிளார்க் நிறுவனமும் ஜப்பான் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கியும் பக்கத்தில் கட்டுபெத்தையிலேயே இருக்கின்றன.